சோறு ஏன் ஊசிப் போகிறது? – பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம்



மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களில் மாலை வகுப்புப் பிள்ளைகளுடன் சுகாதாரம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஒன்றைக் கவனித்து வருகிறோம். "கை கழுவு, தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடி, பழசைத் திங்காதே" என்று சொன்னால் பிள்ளைகள் தலையை ஆட்டுகிறார்கள். வெளியே போனதும் பீலியில் வாயை வைத்து மடமடவென்று குடிக்கிறார்கள். ஏனென்றால் நாம் "செய்யாதே" என்பதைச் சொல்கிறோமே தவிர, "ஏன்" என்பதைச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு "ஏன்" என்பதுதான் பிடிக்கும். அந்த "ஏன்" தெரிந்துவிட்டால் பிறகு அவர்களே உங்களுக்குப் பாடம் நடத்துவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்!

கிருமிகளில் பல வகை உண்டு. அவற்றில் பற்றீரியா என்பது ஒரு வகை. அது வளர்வதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நமது பிள்ளைகளுக்கு நமது குசினியில் உள்ள சாமான்களை வைத்தே விளங்கப்படுத்தலாம். பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தால் போதும்.

முதலில் பிள்ளை கேட்கும் கேள்வி, "கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இருக்குன்னு எப்படி சேர் தெரியும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பற்றீரியாக்களை வரிசையாக நிற்க வைத்தால் ஒரு மில்லிமீற்றர் தூரத்துக்கு ஐந்நூறு தொடக்கம் ஆயிரம் வரை நிற்கும். ஒரு தேயிலைத் தூளின் மேல் ஒரு ஊரே குடியிருக்கலாம். இவற்றை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் ஒல்லாந்து நாட்டின் டெல்ப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்ரன் வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் போனவர் அல்லர். துணியின் நூலைப் பார்க்க உதவும் கண்ணாடி வில்லைகளைத் தாமே தேய்த்துச் செய்து பழகியவர். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பி, மிளகைத் தண்ணீரில் ஊறப் போட்டு, சில வாரங்கள் கழித்து அந்தத் தண்ணீரைத் தமது வில்லையின் ஊடாகப் பார்த்தார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு துளிக்குள் எண்ண முடியாத அளவு சின்னஞ்சிறு உயிர்கள் ஓடித் திரிவதைக் கண்டார். 1676ஆம் ஆண்டில் இதை லண்டனிலுள்ள விஞ்ஞானச் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் காலத்தில் நமது நாட்டின் கரையோரத்தை ஆண்டுகொண்டிருந்தவர்களும் இந்த ஒல்லாந்தர்கள்தான். பிள்ளைகளுக்கு இந்த மிளகுத் தண்ணீர்க் கதை மிகவும் பிடிக்கும்.

அடுத்ததாக நாம் சொல்ல வேண்டியது, பற்றீரியாவும் ஓர் உயிர் என்பது. உயிருக்கு என்ன வேண்டுமோ அது அதற்கும் வேண்டும். சாப்பாடு வேண்டும். தண்ணீர் வேண்டும். சூடும் குளிருமில்லாத இதமான இடம் வேண்டும். அதற்குமேல், பெருகுவதற்கு நேரம் வேண்டும். இதில் ஒன்றை நாம் தடுத்துவிட்டாலும் அதன் ஆட்டம் அடங்கிவிடும். நமது ஆத்தாமாரும் அம்மாயிமாரும் கிருமி என்ற பேரே கேள்விப்படாத காலத்திலும் இதைத்தான் செய்து வந்தார்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குச் சாட்சி நமது ஸ்டோரிலேயே இருக்கிறது. மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தின் நிறையில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர்தான். அதை ஒரு சாக்கில் அமுக்கிக் கட்டி இரண்டு நாள் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் கொழுந்துக்காரியைக் கேட்டாலும் சொல்வார்: அவிந்து, கறுத்து, நாறிப் போகும். அதே கொழுந்தை வாட்டி, அரைத்து, சூட்டுக் காற்றில் காயவைத்து எடுத்த பிறகு தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் ஈரம் மிஞ்சும். அந்தத் தூள் மாதக் கணக்கில் கப்பலில் போனாலும் கெடுவதில்லை. ஏன்? பற்றீரியாவுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. (இங்கே ஒரு சிறு விளக்கம். ஸ்டோரில் கொழுந்து நிறம் மாறுவதைப் 'பெர்மென்டிங்' என்று சொல்வதால் அதுவும் பற்றீரியாவின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இலைக்குள்ளேயே இருக்கும் நொதியங்கள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பற்றீரியா அங்கே வேண்டாத விருந்தாளி. அரைக்கும் இயந்திரத்திலும் தரையிலும் ஒட்டிய சாற்றில் அது பெருகினால் தேயிலையில் புளிப்பு வாடை வந்துவிடும். அதனால்தான் ஸ்டோர் தரையையும் இயந்திரத்தையும் நாள்தோறும் கழுவுகிறார்கள்.)

வீட்டில் இதைக் காட்ட வேண்டுமானால் பால்மா பக்கற்றை எடுங்கள். பக்கற்றில் இருக்கும்வரை மா மாதக் கணக்கில் அப்படியே இருக்கும். அதில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கரைத்து மேசையில் வைத்தால் மறுநாள் காலையில் புளித்துவிடும். மா அதேதான், கூடச் சேர்ந்தது தண்ணீர் மட்டும். நெத்தலிக் கருவாடும் அப்படித்தான். வெயில் அதன் தண்ணீரை எடுத்துவிட்டது. உப்பு மிச்சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஊறுகாயில் உப்போடு புளிப்பும் சேர்கிறது. புளிப்பைப் பெரும்பாலான கெட்ட பற்றீரியாக்கள் தாங்காது. ஜாமிலும் பாணியிலும் சீனி இதே வேலையைச் செய்கிறது.

சாப்பாட்டு விடயத்தில் பற்றீரியாவுக்கும் நமக்கும் ருசி ஒன்றுதான். சோறு, பருப்பு, பால், மீன், முட்டை, தேங்காய்ப்பால் ஊற்றிய கறி எல்லாம் அதற்கும் விருந்து. வெறும் சாயத் தண்ணியைப் போத்தலில் மலைக்குக் கொண்டு போனால் பகல்வரை தாங்கும். பாலும் சீனியும் போட்ட தேத்தண்ணி அவ்வளவு நேரம் தாங்காது. காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும்.

இனிச் சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். "நம்ம ஊர் குளிர்தானே சேர், எதுவும் கெடாது" என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. மார்கழி, தை மாதங்களில் தோசை மாவு பொங்குவதில்லை, தயிர் உறைவதில்லை என்று வீட்டுக்கு வீடு குறை கேட்கிறது. மாவையும் பாலையும் பொங்க வைப்பவை நல்ல பற்றீரியாக்களும் நொதிக்கும் நுண்ணங்கிகளும்தான். குளிரில் அவை சுருண்டு படுத்துவிடுகின்றன. அதனால் நமது பெண்கள் என்ன செய்கிறார்கள்? மாவுச் சட்டியை அடுப்போரம் வைக்கிறார்கள், சாக்கால் சுற்றுகிறார்கள். காலையில் மாவு பொங்கி நிற்கிறது. சரி, அதே அடுப்போரத்தில்தானே இராத்திரி மிஞ்சிய சோற்றுச் சட்டியும் இருக்கிறது? வெளியே எலும்பை நடுக்கும் குளிராக இருந்தாலும், லயத்துக் குசினியில் அடுப்புச் சாம்பல் கனகனவென்று இருக்கும் இடம் பற்றீரியாவுக்குக் கொழும்பு மாதிரிதான். மாவைப் பொங்க வைக்கும் சூடு சோற்றையும் ஊச வைக்கும்.

நோய் தரும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் நமது உடம்புச் சூட்டில், அதாவது 37 பாகை செல்சியஸ் அளவில், மிக நன்றாக வளரும். 5 பாகைக்குக் கீழே பெரும்பாலானவை அனேகமாக நின்றுவிடும். 60 பாகைக்கு மேலே சாகத் தொடங்கும். இடைப்பட்டதெல்லாம் ஆபத்தான சூடு. இப்போது சில வீடுகளில் ப்ரிட்ஜ் வந்துவிட்டது. அது பற்றீரியாவைக் கொல்லும் பெட்டி அல்ல, தூங்க வைக்கும் பெட்டி. கரண்ட் போய் மணித்தியாலக் கணக்கில் வராவிட்டால் உள்ளே எல்லாம் விழித்துக்கொள்ளும்.

கொதிக்க வைப்பதைப் பற்றியும் ஒரு சந்தேகம் வருவதுண்டு. மஸ்கெலியா ஏறக்குறைய 4000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். "அப்படின்னா கிருமி சாகாதா?" என்று உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை நம்மிடம் கேட்டது. சாகும். குடிதண்ணீரில் வரும் நோய்க் கிருமிகளைக் கொல்ல 96 பாகை தாராளமாகப் போதும். கேத்தலில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் சரி. ஆனால் ஆவி வந்ததும் இறக்கிவிடுவது கொதிக்க வைத்தது ஆகாது. ஆறிய தண்ணீரைக் கழுவாத குடத்தில் ஊற்றி, கையோடு கோப்பையை விட்டு மொண்டால், கொதிக்க வைத்த விறகுதான் வீண்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல நாம் புளியங்கொட்டையைப் பயன்படுத்துகிறோம். பற்றீரியா முட்டை இடுவதில்லை, குட்டி போடுவதில்லை. ஒன்று நடுவில் பிளந்து இரண்டாகும். இரண்டு நான்காகும். சாப்பாடும் சூடும் ஈரமும் வாய்ப்பாக இருந்தால் சில பற்றீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிப் பிளக்கும். ஒரு பிள்ளையைத் தரையில் ஒரு கொட்டை வைக்கச் சொல்லுங்கள். அதுதான் காலை 5 மணிக்குச் சோற்றுப் பெட்டியில் விழுந்த ஒரே ஒரு பற்றீரியா. 6 மணிக்கு 8 கொட்டை. 7 மணிக்குப் பிரட்டுக்குப் போகும் நேரம் 64. 8 மணிக்கு 512. இந்த இடத்தில் எப்போதும் கொட்டை முடிந்துபோகும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். பிறகு கரும்பலகையில்தான் போக வேண்டும். 9 மணிக்கு 4096. 10 மணிக்கு 32,768. 11 மணிக்கு 2,62,144. பகல் 12 மணிக்கு அம்மா மலையில் பெட்டியைத் திறக்கும்போது 20,97,152. ஒன்றிலிருந்து இருபது இலட்சத்துக்கு மேல்!

இது மிக வாய்ப்பான நிலையில் ஆகும் கணக்கு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். நமது குளிரில் வேகம் குறையும். ஆனால் ஆவி பறக்கப் பறக்கச் சோற்றைப் பெட்டியில் அமுக்கி, மூடியை இறுக்கி, துணியால் சுற்றி, கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தால், பெட்டிக்குள்ளே ஊர்க்குளிர் போகாது. ஆகவே ஆவி அடங்கவிட்டு மூடுங்கள். பெட்டியை நிழலில் வையுங்கள். தேங்காய்ப்பால் கறியை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, மலைக்குத் தண்ணீர் இல்லாத பிரட்டலும் ரொட்டியும் கொண்டு போவது நல்லது. சம்பல் அரைத்தால் தேசிக்காய்ப் புளி சேர்த்து அரையுங்கள். நாலு மணித்தியாலத்துக்குள் சாப்பிடக்கூடியதாகக் கட்டுவது மிகவும் நல்லது. காலை வேலையில் அது எவ்வளவு கஷ்டம் என்பதும் நமக்குத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஏழு மணிக்குப் பிரட்டில் நிற்கும் ஒரு தாய்க்கு இதற்குமேல் புத்தி சொல்ல நமக்கு மனசு வரவில்லை. வீட்டு ஆண்கள் அந்த நேரத்தில் அடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் என்ன என்று மட்டும் கேட்டு வைக்கிறோம்.

"சூடு காட்டினா எல்லாம் சரியாப் போயிரும்" என்பது இன்னொரு நம்பிக்கை. இது எப்போதும் சரியல்ல. சோற்றில் வரும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியா, அரிசி வேகும்போது சாகாத ஒரு விதை போன்ற வடிவத்தில் பதுங்கிக் கிடக்கும். சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைக் கக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. 1970களில் இங்கிலாந்தில் கடைகளில் பொரித்த சோறு சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தபோதுதான் இதைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். முதல் நாள் அவித்துக் குவித்து வைத்த சோற்றை மறுநாள் பொரித்துக் கொடுத்திருந்தார்கள். நமது கைப்புண்ணில் இருக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற பற்றீரியாவும் இப்படி நஞ்சு விடும் வகைதான். கொழுந்து எடுத்து விரல் வெடித்து, சீழ் வைத்த கையால் சம்பல் பிசைந்தால் அது சாப்பாட்டுக்குள் போய்விடும். விரலில் புண் இருந்தால் துணி சுற்றுங்கள், பிசையும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

பழஞ்சோறு கூடாதா என்று நிறையப்பேர் கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் தயிரில் உள்ளதைப் போன்ற நல்ல பற்றீரியாக்கள் பெருகிப் புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பு பல கெட்டவற்றை அடக்கி வைக்கும். நம் முன்னோர் அதைக் குடித்து வேலை செய்தவர்கள். நாம் அதைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஊற்றும் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்க வேண்டும், சட்டி சுத்தமாக இருக்க வேண்டும், மறுநாள் காலையோடு முடித்துவிட வேண்டும். மணத்தை மட்டும் நம்பக் கூடாது. சோற்றை நாற வைக்கும் பற்றீரியா வேறு, நோய் தரும் பற்றீரியா வேறு. பின்னது பெருகிக் கிடந்தாலும் சோறு நல்ல வாசனையாகவே இருக்கலாம்.

காற்றைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமக்கு ஒட்சிசன் இல்லாவிட்டால் உயிர் இல்லை. பற்றீரியாக்களில் அப்படியும் உண்டு, காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்பவையும் உண்டு, காற்றே ஆகாதவையும் உண்டு. ஏற்புவலியைக் கொண்டுவரும் பற்றீரியா இந்தக் கடைசி வகை. மண்ணிலும் சாணத்திலும் தூங்கிக் கிடக்கும். கவ்வாத்துக் கத்தி குத்தியோ, ஆணி ஏறியோ ஆழமான சிறிய காயம் உண்டானால், மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே காற்றுப் போகாது. அதுதான் அதற்கு நல்ல வீடு. அகலமான காயத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம், ஆணிக் குத்தைத் துடைத்துவிட்டுப் போகிறோம். அது தலைகீழ். குத்துக் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றைக்கே தோட்ட வைத்தியசாலையில் காட்டி, ஏற்புவலி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

பிள்ளைகள் கண்ணால் பார்க்க ஒரு பரிசோதனை செய்யலாம். ஜேர்மனிய வைத்தியர் றொபேட் கொக் ஒரு நாள் அவித்த உருளைக்கிழங்குத் துண்டில் நிறம் நிறமாகப் புள்ளிகள் முளைத்திருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பற்றீரியாக் குடும்பம். அதிலிருந்துதான் பற்றீரியாவைத் தனித்தனியாக வளர்க்கும் வழி பிறந்தது. பிறகு ஜெலற்றினில் வளர்த்துப் பார்த்தார்கள், சூட்டில் அது உருகிவிட்டது. 1881ஆம் ஆண்டளவில் அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த வைத்தியர் ஒருவரின் மனைவி பனி ஹெஸ்ஸே, "நான் பலகாரத்துக்குப் போடும் அகரைப் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனையைக் கொடுத்தார். அது உருகாமல் நின்றது. இன்றும் உலகம் முழுவதும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் அதில்தான் கிருமி வளர்க்கிறார்கள். வேறொன்றுமல்ல, நோன்பு காலத்தில் நமது முஸ்லிம் வீடுகளில் செய்து தருவார்களே, அந்தக் கடற்பாசிதான். குசினியில் நிற்கும் பெண்ணின் அறிவு விஞ்ஞானத்துக்கு எவ்வளவு உதவியிருக்கிறது பாருங்கள்.

நாமும் நுவரெலியாக் கிழங்கை வைத்துச் செய்யலாம். மூடியுள்ள நாலு ஜாம் போத்தல்களைக் கொதிநீரில் கழுவி எடுங்கள். கிழங்கை அவித்து, கழுவிய கத்தியால் வெட்டி, முள்ளுக்கரண்டியால் எடுத்து ஒவ்வொரு துண்டு போடுங்கள். முதல் துண்டை யாரும் தொடக் கூடாது. இரண்டாவதை விளையாடிவிட்டு வந்த பிள்ளை கையால் தொடட்டும். மூன்றாவதை அதே பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையால் தொடட்டும். நான்காவதை அழுக்குக் கையால் தொட்டுவிட்டு, குளிரான இடத்தில் வையுங்கள், ப்ரிட்ஜ் இருந்தால் மிகவும் நல்லது. மற்ற மூன்றும் அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி இளஞ்சூட்டில் இருக்கட்டும். மூன்று நான்கு நாளில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது போத்தலில் பளபளவென்று வழுவழுப்பான புள்ளிகள் முதலில் தெரியும். பஞ்சு மாதிரி முளைத்தால் அது பூஞ்சணம், அது வேறு சாதி. ஐந்தாவதாக, வெயிலில் நன்றாகக் காயவைத்த கிழங்கு வற்றலைத் தொட்டு ஒரு போத்தலில் போட்டால் அதில் ஒன்றும் முளைக்காது. பிள்ளைக்குத் தண்ணீரின் கதை அத்தோடு விளங்கிவிடும். கவனம்: முளைத்த பிறகு மூடியைத் திறக்கவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது. முடிந்ததும் பெரியவர்கள் போத்தலோடு ஆழமாகப் புதைத்துவிட வேண்டும்.

இந்த றொபேட் கொக்குக்கும் நமது சனத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. நமது முன்னோர் கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலே வாந்திபேதியால் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அது என்ன நோய், எதனால் வருகிறது என்று அன்றைக்கு எவருக்கும் சரியாகத் தெரியாது. 1884ஆம் ஆண்டில் கொக் கல்கத்தாவில் வாந்திபேதிக்காரரின் குடலில் வளைந்த கமா வடிவப் பற்றீரியாவைக் கண்டு, அதையே அவர்கள் குடித்த குளத்துத் தண்ணீரிலும் கண்டார். பின்னர் 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்து, மக்கள் ரயிலிலும் கப்பலிலும் வந்த காலத்தில், மண்டபம் முகாமில் சில நாட்கள் மறித்து வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பின்புதான் அனுப்பினார்கள். "மண்டபம் கேம்ப்" என்று பெரியவர்கள் கசப்போடு சொல்லக் கேட்டிருப்பீர்கள். மறித்தவர்கள் கூலிகளைத்தான் மறித்தார்கள். மறிக்க வேண்டியிருந்ததோ தண்ணீரில் போன கிருமியை. நல்ல தண்ணீரும் மலசலகூடமும் லயத்துக்கு வர அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆனது. இன்னும் சரியாக வந்து சேராத லயங்களும் இருக்கின்றன.

ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாக் கிருமியும் சாப்பாட்டில் பெருகிய பிறகுதான் நோய் தரும் என்று நினைத்துவிடக் கூடாது. வயிற்றுளைவைக் கொண்டுவரும் சிகெல்லா என்ற பற்றீரியா பத்து நூறு உள்ளே போனாலே போதும். அதற்கு நேரம் கொடுக்கத் தேவையில்லை. மலசலகூடம் போன கையிலிருந்து நேரே வாய்க்குப் போய்விடும். நெருப்புக் காய்ச்சலும் அப்படி மனிதரிடமிருந்து மனிதருக்குப் போவதுதான். அமெரிக்காவில் மேரி மலன் என்ற சமையற்காரப் பெண் தனக்கு ஒரு நோயும் இல்லாமலே தான் சமைத்த வீடுகளுக்கு நெருப்புக் காய்ச்சலைக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1907ஆம் ஆண்டிலே அதைக் கண்டுபிடித்தார்கள். சிவனொளிபாதமலைப் பருவத்தில், மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை, நல்லதண்ணிக்குப் போகும் வழியெல்லாம் தற்காலிகச் சாப்பாட்டுக் கடைகள் வருகின்றன. பொதுச் சுகாதார பரிசோதகர்கள் கடைக்காரர்களைப் பிடித்துக் கேள்வி கேட்பது இதற்காகத்தான். நம் பிள்ளைகள் சிலரும் அந்தக் கடைகளில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு முதலில் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

மழைக் காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கினால், மேலே உள்ள லயத்து அழுக்கும் அதில் கலந்திருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் தெளிந்த தண்ணீரும் சுத்தமானது என்று அர்த்தமல்ல. இருபது இலட்சம் கிருமி கிடந்தாலும் ஒரு கோப்பைத் தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் தெரியும்.

கைப்பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு: போத்தல் பாலில் பற்றீரியாவுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. சாப்பாடு, தண்ணீர், இளஞ்சூடு, சூப்பியின் இடுக்கில் ஒளிந்துகொள்ள இடம். பிள்ளை பாதி குடித்த போத்தலை மூடி வைத்து இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொடுப்பதுதான் பல பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குக் காரணம். தாய்ப்பால் இருக்கும்வரை போத்தலே வேண்டாம். பிள்ளை மடுவத்துக்கு இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போக வழி இருக்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். வேறு பால் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் கோப்பையும் கரண்டியும் நல்லது, கழுவுவது சுலபம்.

பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிட்டால் ஜீவனி பக்கற் ஒன்றை முழுவதுமாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் உள்ளே போனாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, இரத்தம் கலந்து போனாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் தோட்ட வைத்தியசாலைக்கும், அங்கிருந்து மஸ்கெலியா அல்லது டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் உடனே கொண்டு போங்கள். கரைத்த ஜீவனியை ஒரு நாளைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். ஏன் என்று உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். அதிலும் சீனி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நேரமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று அது சொல்லும்.